கோபக்காரர்களுக்கு ஸ்டோயிக் தத்துவம்: எட்டு வருடம் பழகிப் பார்த்த பிறகு

ஸ்டோயிக் தத்துவம் பற்றி எழுதுகிறவர்களில் பலர் அதைக் கண்டுபிடித்த முதல் மாதத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் சுருட்டை முடிப் பளிங்குத் தலை, பக்கத்தில் ஒரு பொன்மொழி, கீழே வாழ்க்கையே மாறிவிட்டது என்று ஒரு வரி. தப்பில்லை, புது மருந்து முதல் வாரம் எல்லோருக்கும் கேட்கத்தான் செய்யும். நான் சுமார் எட்டு வருடமாக இதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறேன். எது நிலைத்தது, எது சலித்தது, எதைத் தொட வேண்டாம் என்று ஒதுக்கினேன் என்று சொல்லத்தான் இது.

வேலை வங்கிக் கிளை ஒன்றில், கடன் பிரிவு. மார்ச் வந்தால் மேலிடத்து நெருக்கடி, வருடம் முழுக்க எதிர் நாற்காலிக்காரர்களின் நெருக்கடி. எனக்குக் கோபம் அதிகம். ஞானம் தேடியெல்லாம் நான் இந்தப் பக்கம் வரவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டர் "கோபத்தைக் கொஞ்சம் குறைங்க சார்" என்றார். எப்படிக் குறைப்பது என்பதை அவர் சொல்லவில்லை. அதற்கென்றே ஒருவர் மூன்று பாகத்தில் ஒரு நூல் எழுதி வைத்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரோமானியரான செனெகா. கோபத்தைத் தணிப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லி அவருடைய அண்ணன் நொவாட்டஸ் கேட்டதாகத்தான் அந்த நூலே ஆரம்பிக்கிறது. செனெகா பிற்பாடு பாடம் சொல்லிக் கொடுத்த மாணவன், பேரரசனான நீரோ. அந்த மாணவனின் ஆணைப்படியே கி.பி. 65-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கோபத்தைப் பற்றிப் பேச இவருக்குத் தகுதி உண்டு என்று எனக்குப் பட்டது.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: சைப்ரஸ் தீவின் கிட்டியம் நகரத்து ஜீனோ, கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் சந்தைவெளியில் ஓவியங்கள் தீட்டிய ஒரு தாழ்வாரத்தில் (கிரேக்கத்தில் 'ஸ்டோவா', ஸ்டோயிக் என்ற பெயர் அதிலிருந்துதான்) நின்று பேச ஆரம்பித்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கிளியாந்தஸ் பகலில் பாடம் கேட்க வேண்டும் என்பதற்காக ராத்திரியில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கூலி வாங்கியவர். மூன்றாமவர் கிரிசிப்பஸ் எழுநூறு நூல்களுக்கு மேல் எழுதினார் என்கிறார்கள், ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. தர்க்கம், இயற்கை, ஒழுக்கம் என்று மூன்றும் சேர்ந்த முழுப் படிப்பு அது. நம் கைக்கு வந்திருப்பதில் பெரும்பகுதி, அதற்கு முன்னூறு நானூறு வருடம் கழித்து ரோமப் பேரரசில் வாழ்ந்த மூன்று பேர் வழியாக வந்த ஒழுக்கப் பகுதி: செனெகா, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ், பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ். இப்போது நாம் ஸ்டோயிக் என்று வாங்கி வருவது அந்தக் கடையின் ஒரு அலமாரியை மட்டும்தான்.

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது, உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்ற பிரிவினை. எபிக்டெட்டஸின் கையேடு அதில்தான் தொடங்குகிறது. நம் கருத்து, முனைப்பு, விருப்பு, வெறுப்பு இவை நம் கையில் இருப்பவை. உடம்பு, சொத்து, பெயர், பதவி இவை இல்லை. முதல் சில மாதம் இது பிரமாதமாக வேலை செய்தது. பிறகு சலித்துவிட்டது. ஏனென்றால் அலுவலகத்தில் நான் தொடுகிற ஒவ்வொன்றும் பாதி என் கையில், பாதி வேறு யார் கையிலோ. ஒரு சிறு வியாபாரியின் கடன் மனுவை நான் ஒழுங்காகத் தயார் செய்து மேலே அனுப்பலாம், ஒப்புதல் தருவது வட்டார அலுவலகம். இதை எந்தப் பெட்டியில் போடுவது? இதற்குப் பதில் கிடைத்தது ரோமப் பேச்சாளர் கிகெரோவிடம். அவர் ஸ்டோயிக் இல்லை, ஆனால் அவர்கள் தரப்பை விளக்கும்போது ஒரு வில்லாளியைக் காட்டுகிறார். குறி வைப்பதற்கு வேண்டிய அத்தனையையும் அவன் செய்கிறான், அம்பு போய்த் தைப்பது விரும்பத்தக்கதுதான், ஆனால் அவனுடைய கடைசி இலக்கு ஒழுங்காக எய்வதே. இதைப் படித்த பிறகு அந்த முதல் பாடம் எனக்கு மறுபடியும் உபயோகமானது. மனுவில் ஒரு ஓட்டை இல்லாமல் அனுப்பினேனா என்பது வரை என்னுடையது. அந்த வியாபாரிக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படலாம், தப்பில்லை. கிடைக்காமல் போனால் யாரையாவது கடித்துக் குதற வேண்டியதில்லை.

எட்டு வருடத்தில் ஒரு நாளும் சலிக்காத பயிற்சி வேறொன்று. அதே கையேட்டின் நாலாவது பகுதி, பொதுக் குளியலறை பற்றியது. குளிக்கப் போகுமுன் அங்கே என்னென்ன நடக்கும் என்று மனசில் ஓட்டிப் பார் என்கிறார் எபிக்டெட்டஸ். தண்ணீரை வாரி இறைப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். "குளிக்கவும் வேண்டும், என் மனசும் நிலை குலையாமல் இருக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு போ. இவ்வளவுதான். பத்திரப் பதிவுக்கோ, வாகன உரிமத்துக்கோ, பண்டிகைக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்துக்கோ போகும்போது படியிறங்கும் முன்பே இதைச் செய்துவிடுகிறேன். சர்வர் வேலை செய்யாது. ஒருவர் வரிசையில் புகுவார். ஜெராக்ஸ் இன்னொரு பிரதி கேட்பார்கள், கேட்கிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார். பட்டியல் போட்டுக்கொண்டு போனால், அங்கே போய் அவை ஒவ்வொன்றாக நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பட்டியலில் இல்லாதது ஏதாவது நடந்தால் மட்டும்தான் கோபம் வருகிறது. பட்டியலும் வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது.

இனி செனெகாவின் ராத்திரிக் கணக்கு. இந்தத் தத்துவத்தில் எனக்கு நின்று விளைந்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோபத்தைப் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில், செக்ஸ்டியஸ் என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு பழக்கத்தைச் செனெகா விவரிக்கிறார். செக்ஸ்டியஸ் தினமும் படுக்கும் முன் தன்னையே கேட்பாராம்: இன்று எந்தக் குறையைச் சரிசெய்தாய்? எந்தத் தீய பழக்கத்தை எதிர்த்து நின்றாய்? எந்த விதத்தில் நேற்றைக்குத் தேவலை? செனெகா விளக்கை எடுத்த பிறகு, தன் வழக்கம் தெரிந்து மனைவி பேச்சை நிறுத்திய பிறகு, நாள் முழுவதையும் ஒரு முறை திரும்பப் பார்க்கிறார். எதையும் மறைப்பதில்லை, எதையும் தாண்டிப் போவதில்லை. "இனிமேல் இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னிக்கிறேன்" என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார்.

அவர் தரும் உதாரணங்கள்தான் என்னை இதில் கட்டிப் போட்டன. பெரிய பாவம் எதுவும் இல்லை. அந்த விவாதத்தில் தேவைக்கு மேல் சண்டை பிடித்தாய். இன்னாரைக் கண்டித்தபோது ரொம்பவும் வெளிப்படையாகப் பேசிவிட்டாய், அவர் திருந்தவில்லை, புண்பட்டதுதான் மிச்சம். விருந்தில் உனக்குக் கௌரவம் குறைந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்று விருந்து வைத்தவர் மேல் எரிச்சலானாய். ரோம சாம்ராஜ்யத்தில் உச்சிக்குப் போன ஒரு மனிதர் பந்தியில் எங்கே உட்கார வைத்தார்கள் என்று ராத்திரி படுக்கையில் யோசித்திருக்கிறார். நம்ம வீட்டுக் கல்யாணத்தில் மேடைக்குக் கூப்பிடவில்லை என்று பத்து வருடம் பேசாமல் இருக்கும் சித்தப்பாக்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நான் இதை எழுதி வைப்பதில்லை. ஆரம்பத்தில் எழுதினேன், எழுத எழுத வாக்கியம் அழகாக வந்தது, விஷயம் நழுவியது. இப்போது படுத்தபடியே காலை முதல் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்ப்பதோடு சரி. கோபம் எந்த இடத்தில் தொடங்கியது என்று மட்டும் தேடுவேன். சில மாதத்தில் ஒரு வடிவம் தெரிந்தது. மேலதிகாரி கத்தினால் எனக்குக் கோபமே வருவதில்லை. அடுத்த அரை மணியில் கடைநிலை ஊழியரோ, படிவத்தைத் தப்பாக நிரப்பிய பெரியவரோ வந்தால் வருகிறது. வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இதைச் சொல்லிவிட்டார், கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் காப்பவன் என்று. பள்ளியில் ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய குறள்தான். "இதெல்லாம் நம்மகிட்ட இல்லாததா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்தக் குறளை அன்றாடம் என்னிடம் பிரயோகித்துப் பார்க்கும் வீட்டுப்பாடத்தைத் தந்தது ஸ்பெயினின் கொர்டோபாவில் பிறந்த இந்தச் செனெகாதான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கோபம் வந்துகொண்டிருக்கும்போது என்ன செய்வது? செனெகாவின் முக்கிய மருந்து, தாமதம். பிளேட்டோ பற்றி ஒரு கதை சொல்கிறார். ஓர் அடிமையைத் தானே அடிக்கக் கை ஓங்கிய பிளேட்டோ, தான் கோபத்தில் இருப்பதை உணர்ந்து, ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். வந்த நண்பர் என்ன செய்கிறாய் என்று கேட்க, "கோபக்காரன் ஒருவனுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்றாராம். நான் கையை ஓங்குவதில்லை, மின்னஞ்சல் அடிப்பேன். அடித்து முடித்து வரைவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்து அனுப்பியவை மிகக் குறைவு.

குடும்பத்தில் எனக்குக் கைகொடுத்தது எபிக்டெட்டஸ். எங்கள் வீட்டில் பாகப் பிரிவினை ஒன்று வருடக்கணக்கில் இழுத்தது. எதிர்த்தரப்பு என் கூடப்பிறந்த தம்பி. எதற்கும் இரண்டு கைப்பிடி உண்டு, ஒன்றைப் பிடித்தால் தூக்கலாம், இன்னொன்றைப் பிடித்தால் தூக்க முடியாது என்று கையேட்டில் ஓரிடம் வருகிறது. அதற்கு அவர் காட்டும் உதாரணமே அநியாயம் செய்யும் சகோதரன்தான். அநியாயம் என்ற பக்கம் பிடிக்காதே, அவன் உன்னோடு பிறந்தவன், உன்னோடு வளர்ந்தவன் என்ற பக்கம் பிடி. படித்தபோது இது யாரோ என் வீட்டைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

இதனால் தம்பி மனம் மாறி எனக்குச் சேர வேண்டியதைத் தந்துவிட்டான் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் என் பங்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை. வக்கீல் வைத்துத்தான் முடிந்தது. நடந்தது இவ்வளவே: வழக்கு நடந்த அத்தனை காலமும் அவன் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி போனது. "அண்ணே, சாப்பிட்டியா?" என்று அவன் கேட்பது நிற்கவில்லை. உரிமைக்கு நிற்பதற்குக் கோபம் அவசியமில்லை என்பதுதான் இந்த ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, இந்த ஒரு விஷயத்தில் அதை நேரில் பார்த்தேன்.

சரி, எது வேலை செய்யவில்லை?

குழந்தையை முத்தமிடும்போது, மனிதப் பிறவி ஒன்றை முத்தமிடுகிறாய் என்று சொல்லிக்கொள், அது இறந்தால் கலங்கமாட்டாய் என்கிறார் எபிக்டெட்டஸ். நாளைக்கே அது சாகலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னதாக மார்க்கஸும் அவரை மேற்கோள் காட்டுகிறார். மார்க்கஸுக்குப் பத்துக்கும் மேல் பிள்ளைகள், பாதிக்கு மேல் அவர் கண்முன்னாலேயே போய்விட்டார்கள். அந்தக் காலத்து அப்பாவுக்கு இது தேவைப்பட்டிருக்கலாம். எனக்கு இது ஆகவில்லை. மகள் தூங்கும்போது இதைச் சொல்லிப் பார்த்ததில் வந்தது நிதானம் இல்லை, பயம். பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதமானால் தெரு முனைக்கு ஓட ஆரம்பித்தேன். பதற்றம் இயல்பாகவே அதிகம் உள்ளவர்கள் கெட்டதை முன்கூட்டிக் கற்பனை செய்யும் இந்தப் பயிற்சியைச் சில்லறை விஷயங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குளியலறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மா போனபோதும் இந்தப் புத்தகங்கள் கைவிட்டன என்றுதான் சொல்வேன். இயற்கை தந்ததைத் திருப்பிக் கேட்டது, கொடுத்துவிடு என்கிற தொனியில் இருந்த எதையும் அந்தச் சமயம் படிக்க முடியவில்லை. ஒரே ஒரு கடிதம் விதிவிலக்கு. நண்பன் லுசிலியஸுக்குச் செனெகா எழுதியவற்றில் 63-வது. அளவாக அழு என்று பக்கம் பக்கமாக உபதேசம் செய்துவிட்டு, கடைசிப் பக்கத்தில், தன் அருமை நண்பன் அன்னேயஸ் செரீனஸ் இறந்தபோது தானே கட்டுப்பாடின்றி அழுததாக எழுதுகிறார். துக்கத்தில் தோற்றவர்கள் வரிசையில் தன்னையும் சேர்க்க வேண்டும் என்கிறார். அந்த வரிக்காக அவருடைய மீதி உபதேசத்தை மன்னித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில மாதம் தூக்கம் வரவில்லை. ராத்திரிக் கணக்கு செய்யப் போனால் அது குற்றப் பத்திரிகையாக மாறியது. அதை நிறுத்திவிட்டு உளவியல் ஆலோசகரிடம் போனேன். அவர் தந்த தாளில் மூன்று பத்திகள்: நடந்தது என்ன, அப்போது என்ன நினைத்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள். எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த இடம் மாதிரி இருந்தது. மனிதர்களைக் கலக்குவது நிகழ்ச்சிகள் இல்லை, அவற்றைப் பற்றி அவர்கள் கொள்ளும் கருத்துகள் என்பது கையேட்டின் ஐந்தாம் பகுதி. அந்த வகைச் சிகிச்சையை உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸும் ஆரன் பெக்கும் ஸ்டோயிக்குகளிடம் தாங்கள் பட்ட கடனை வெளிப்படையாகவே சொன்னவர்கள். ஆனால் ஒன்று, எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து கேட்பது வேறு. தூக்கமே போன நிலையில் புத்தகத்தை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம் இதைத் தவறாகப் பிரயோகிப்பவர்கள். சில வருடங்களாக நிறுவனப் பயிற்சி வகுப்புகளிலும் எபிக்டெட்டஸ் வருகிறார். ஆள் பற்றாக்குறை, இலக்கு இரட்டிப்பு, ஆனால் "உங்கள் கட்டுப்பாட்டில் உள்ளதில் கவனம் செலுத்துங்கள்" என்று ஒரு படவில்லை. ஊதியம் நிர்ணயிப்பவர் அதைச் சொல்லும்போது அதற்கு ஒரே பொருள்தான், வாயை மூடு. இதைவிடக் கொடுமை, சாதி சொல்லி அவமானப்பட்டவரிடம் போய் "அவமானம் என்பது உங்கள் எண்ணத்தில்தான் இருக்கிறது" என்று சொல்வது. அந்த வாக்கியத்தை நான் எனக்கு மட்டும்தான் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரிடம் சொன்னால் அது தத்துவம் இல்லை.

இந்தப் பலவீனம் ஸ்டோயிக்குகளிடமே உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடிமைகளை மனிதராக நடத்து என்று செனெகா ஒரு முழுக் கடிதம் எழுதினார், அடிமை முறையே வேண்டாம் என்று எழுதவில்லை. ஆனால் பணிந்து போவதுதான் ஸ்டோயிக் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு ஹெல்விடியஸ் பிரிஸ்கஸைக் காட்டுங்கள். எபிக்டெட்டஸ் சொல்லும் கதை இது. பேரரசர் வெஸ்பாசியன், செனட் சபைக்கு வராதே என்று அவருக்கு ஆள் அனுப்புகிறார். "என்னை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவது உங்கள் கையில். உறுப்பினராக இருக்கும்வரை வந்துதான் ஆக வேண்டும்." சரி வா, ஆனால் பேசாதே. "என் கருத்தைக் கேட்காதீர்கள், பேசமாட்டேன்." நான் கேட்டுத்தானே ஆக வேண்டும்? "அப்படியானால் சரியென்று படுவதை நான் சொல்லித்தானே ஆக வேண்டும்?" சொன்னால் கொல்வேன். "நான் சாகாவரம் பெற்றவன் என்று எப்போது உங்களிடம் சொன்னேன்? நீங்கள் உங்கள் வேலையைச் செய்யுங்கள், நான் என்னுடையதைச் செய்கிறேன்." செய்தார். நாடு கடத்தப்பட்டார், கொல்லவும்பட்டார்.

இன்னொரு தவறான பிரயோகம், மார்க்கஸிடம் நடக்கிறது. அவர் தனக்காக எழுதி வைத்த 'தியானங்கள்' நூலில் இரண்டாம் புத்தகத்தின் தொடக்கம் எங்கும் பகிரப்படுவது: இன்று நான் தலையிடுபவனை, நன்றி கெட்டவனை, திமிர் பிடித்தவனை, வஞ்சகனைச் சந்திக்கப் போகிறேன். பெரும்பாலும் இதோடு வெட்டிவிடுகிறார்கள். கெட்டவர்கள் நடுவே தனியாக நிற்கும் வீரன் மாதிரி இருக்கிறது. அதன் தொடர்ச்சி நேர் எதிர்த் திசையில் போகிறது. அவனும் என் உறவு. பாதங்களைப் போல, கைகளைப் போல, மேல் கீழ் பல்வரிசையைப் போல நாங்கள் சேர்ந்து வேலை செய்யப் பிறந்தவர்கள், ஒருவருக்கொருவர் எதிராக நடப்பது இயற்கைக்கு மாறானது என்று முடிகிறது. முதல் பாதியை மட்டும் வைத்து நான் கொஞ்ச காலம் பழகியபோது அலுவலகத்தில் மரியாதையான ஒரு சுவர் மாதிரி இருந்தேன். சத்தம் போடமாட்டேன், யாரும் பக்கத்திலும் வரமாட்டார்கள். இரண்டாம் பாதி சேர்ந்த பிறகுதான் எதிர் நாற்காலிக்காரரிடம் "உட்காருங்க, என்ன ஆச்சு?" என்று கேட்க வந்தது. ஆறு மாதம் தவணை கட்டாதவரிடம் இதைக் கேட்டால் எத்தனை கதைகள் வரும் என்று கடன் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாதி பொய்யாகவும் இருக்கும், அது வேறு.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு எபிக்டெட்டஸின் கையேடு இல்லை. 53 சிறு பகுதிகள்தான், ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம், அதுதான் ஆபத்து. மாணவர் அர்ரியன் எடுத்த குறிப்புகளின் சாரம் அது, வகுப்பின் சிரிப்பும் திட்டும் அதில் வடிந்துபோயிருக்கும். அதே அர்ரியன் குறித்து வைத்த உரைகளில் நாலு புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் மனிதர் பேசுவது காதில் கேட்கும். மார்க்கஸைத் திறந்தால் முதல் புத்தகத்தைத் தாண்டிப் போகாதீர்கள். உபதேசம் எதுவும் இல்லாமல் தாத்தா, அம்மா, ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தான் பெற்றதை வரிசையாகச் சொல்லி நன்றி கூறுகிறார். எபிக்டெட்டஸின் உரைகளைத் தன் சொந்தப் பிரதியிலிருந்து படிக்கக் கொடுத்ததற்காக ருஸ்டிகஸுக்கும் அதில் ஒரு நன்றி. ஒரு முன்னாள் அடிமையின் வகுப்புக் குறிப்புகள் பேரரசர் கைக்கு அப்படித்தான் வந்தன.

முதலில் படிக்க நான் சொல்வது செனெகாவின் கடிதங்கள். 124 இருக்கின்றன, எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். நாங்கள் அப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின் தெருவில் குடியிருந்தோம், முகூர்த்த நாளில் விடியற்காலை நாலு மணிக்கே ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும். நான் முதலில் தேடிப் படித்தது 56-வது கடிதம். ஒரு குளியல் கூடத்தின் மேல் மாடியில் குடியிருந்துகொண்டு எழுதுகிறார். எடை தூக்குபவர்களின் முனகல், தண்ணீரில் தொப்பென்று குதிப்பவன், அக்குள் முடி பிடுங்குபவனின் கீச்சுக் குரல், தொத்திறைச்சி விற்பவனின் கூவல். உள்ளே அமைதி இருந்தால் வெளிச் சத்தம் ஒன்றும் செய்யாது என்று நீளமாக வாதிடுகிறார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், இது ஒரு பரீட்சைக்காகத்தான், இவ்வளவு அவஸ்தை எதற்கு, நான் இந்த இடத்தை விட்டுக் கிளம்புகிறேன் என்று முடிக்கிறார். நாங்களும் அடுத்த தை மாதம் வீடு மாற்றிவிட்டோம். வாடகை ஆயிரத்து ஐந்நூறு அதிகம்.